டாட் காம் யாரிடம் இருக்கிறது

போன மாதம் நசீமா போன் செய்தாள். தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் வெப்சைட் கடையை இப்போது நடத்துவது அவள்தான். என் முதலாளி அன்வர் பாயின் மகள்.

"கௌசல்யாக்கா, இப்பல்லாம் என்ன தொழிலுன்னு டைப் பண்ணா கம்ப்யூட்டரே முப்பது பேரு எடுத்துக் குடுத்துடுது. காலியா இருக்கா இல்லையான்னும் அதுவே சொல்லிடுது. நீங்களும் அத்தாவும் ஒரே ஒரு பேருக்கு அரை நாளு உக்காந்திருப்பீங்களாமே, அப்படி என்ன பண்ணுனீங்கன்னு புதுசா சேந்தவங்க கேக்கறாங்க. எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

கேட்டதும் சிரிப்பு வந்தது. பிறகு, சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறதே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

இண்டூரில் பிறந்து, தட்டச்சில் உயர்நிலை தேறி, ஐந்து வருடம் ஜெராக்ஸ் கடையில் நின்று, பிறகு அன்வர் பாயின் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கச் சேர்ந்தேன். பத்திரிகை வேலை குறைந்து, ஊரில் இரண்டு மூன்று பேர் வெப்சைட் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியபோது, பாய் என்னைச் சேலத்துக்கு ஆறு மாதப் படிப்புக்கு அனுப்பினார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். அதன் பிறகு இருபத்திரண்டு வருடம், மருத்துவர், வக்கீல், ஆடிட்டர், கட்டடப் பொறியாளர் என்று வந்தவர்களுக்கெல்லாம் இணையத்தில் பெயர் பதிவு செய்து கொடுத்தேன்.

பாய் அதிகம் பேச மாட்டார். கடையில் வேலை செய்கிறவர்களையும் ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். பெயர் விஷயத்தில் மட்டும் அவருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. அவற்றை நான் முதலில் பார்த்தது ஒரு வக்கீல் வந்தபோது.

அந்த வக்கீல் தன் இரண்டு இனிஷியல், முழுப் பெயர், அதற்கு முன்னால் ‘அட்வகேட்’ என்ற சொல், கடைசியில் ஊர்ப் பெயர், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெயராகக் கேட்டார். எண்ணிப் பார்த்தால் முப்பத்தைந்து எழுத்துக்கு மேல். பாய் மறுப்புச் சொல்லவில்லை. மேசையிலிருந்த போனை எடுத்து எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடைக்குப் போட்டார்.

"மாஸ்டர், ஒரு பேரு சொல்றேன். காதுல கேட்டபடி இங்கிலீஷுல எழுதுங்க. எழுதி ஆளுகிட்டக் குடுத்து அனுப்புங்க."

டீயோடு ஒரு காகிதம் வந்தது. வக்கீல் எழுதியதற்கும் மாஸ்டர் எழுதியதற்கும் ஆறு இடத்தில் வித்தியாசம். ‘சு’வுக்கு ஒரு எழுத்துக்குப் பதில் வேறு எழுத்து, ‘தி’யில் எச் இல்லை, ‘ய’ இரண்டு முறை.

"உங்களத் தேடி வர்றவரு கோர்ட்டு வாசல்ல நின்னுக்கிட்டு போன்ல அடிப்பாருங்க. அவரும் இந்த மாதிரிதான் அடிப்பாரு" என்றார் பாய்.

வக்கீல் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தார். கடைசியில் தன் பெயரின் முதல் பாதியும் ‘லா’ என்ற ஒரு சொல்லும் போதும் என்று ஒத்துக்கொண்டார். மாஸ்டருக்கு மறுபடி போன் போட்டோம். இந்த முறை சரியாக வந்தது. அரை நாள் என்று நசீமா சொன்னது இதைத்தான்.

அவருடைய இரண்டாவது பிடிவாதம், பெயர் எப்போதும் வாடிக்கையாளரின் சொந்த மெயிலில், சொந்த போன் எண்ணில்தான் பதிவாக வேண்டும் என்பது. கடையின் மெயிலில் பதிவு செய்தால் எங்களுக்கு வேலை சுலபம். ஆனால் எங்கோ ஓர் ஊரில் வெப்சைட் செய்து கொடுத்தவர் கடையை மூடிவிட்டுப் போய்விட, தன் பெயரே தன் கையில் இல்லாமல் ஒரு பொறியாளர் எங்களிடம் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எட்டு வருடம் பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் போட்ட பெயர். மீட்க முடியவில்லை. "வூட்டுப் பத்திரத்த மேஸ்திரி பேருல எழுதுவாங்களா?" என்று பாய் எங்களிடம் கேட்டார்.

மூன்றாவது, பெயரின் வால் பற்றியது. டாட் காம், டாட் இன், டாட் ஆர்க் என்று அப்போதே பல வால்கள் இருந்தன. இப்போது கேட்கவே வேண்டாம், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்று வந்துவிட்டது. பாய் எந்த வாலையும் மட்டமாகச் சொன்னதில்லை. இந்திய ஆட்களை மட்டும் பார்க்கிற தொழிலுக்கு டாட் இன் நல்லதுதான் என்பார். ஆனால் எதை எடுத்தாலும் ஒரு கேள்வி கேட்பார்: "டாட் காம் யார்கிட்ட இருக்கு?" ஜனங்களுக்கு வாயில் வருவது அதுதான். நாம் எந்த வாலை வைத்தாலும் பத்தில் சில பேர் டாட் காம் என்றுதான் அடிப்பார்கள். அது காலியாக இருந்தால் சேர்த்து வாங்கிவிட வேண்டும். வேறு யாரிடமாவது இருந்தால் அந்தப் பெயரையே விட்டுவிட வேண்டும்.

இந்த மூன்றாவதைத்தான் நான் மீறினேன்.

கடத்தூரில் ஹேமலதா என்று ஒருவர் செயற்கைக் கால் செய்து பொருத்தும் மையம் தொடங்கினார். அதற்கென்றே படித்தவர், வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து வருடம் வேலை பார்த்தவர். தான் டாக்டர் இல்லை என்று எவ்வளவு சொன்னாலும் ஊர் அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. மையத்துக்கு அவர் வைத்த பெயர் ‘புதுநடை’. கேட்டவுடனே எனக்கும் பிடித்துவிட்டது. அவர் வந்தபோது பலகை எழுதியாகிவிட்டது, திறப்பு விழாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

பார்த்தேன். டாட் இன் காலியாக இருந்தது. டாட் காம் புதுச்சேரியில் ஒரு நடைப்பயிற்சிக் குழுவிடம் இருந்தது. காலையில் கடற்கரையில் கூட்டமாக நடக்கிறவர்கள்.

"அவங்க வேற, நாங்க வேறதானேங்க? யாரு குழம்பப் போறாங்க?" என்றார் ஹேமலதா.

பாய் அந்த வாரம் மனைவியின் கண் அறுவைக்காகப் பெங்களூரு போயிருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. பன்னிரண்டு வருட அனுபவம், இதைக்கூடவா கேட்க வேண்டும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. டீக்கடை மாஸ்டருக்குக்கூட நான் போன் செய்யவில்லை. டாட் இன்னில் பதிவு செய்து, அதிலேயே ஒரு மெயிலும் திறந்து கொடுத்தேன். கால் தேவைப்படுகிறவர்கள் முதலில் படம் எடுத்து அந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டும், பார்த்துவிட்டு வரச் சொல்வோம் என்பது அவர் ஏற்பாடு. தொலைவிலிருந்து நொண்டிக்கொண்டு வந்து ஏமாந்து திரும்பக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். பாய் திரும்பி வந்ததும் முடிந்த வேலைகளின் பட்டியலைக் காட்டினேன். அதில் இந்தப் பெயரும் இருந்தது. டாட் காம் யாரிடம் என்று அவர் கேட்பதற்குள் நான் அடுத்த வேலைக்குப் பேச்சை மாற்றிவிட்டேன். அதை இன்றைக்கும் நினைத்தால் கூசும்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஹேமலதா போன் செய்தார். குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை.

"கௌசல்யாம்மா, தொப்பூர்ல இருந்து ஒருத்தங்க வந்திருக்காங்க. எனக்கு மூணு மெயில் போட்டிருக்காங்க. ஒண்ணுகூட எனக்கு வரலீங்க."

வந்தவர் பெயர் சென்றாயன். தொப்பூர் கணவாயில் இறக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். பிரேக் பிடிக்காமல் வந்த லாரி ஒன்று கடைக்குள் புகுந்ததில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். சேலத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், கடத்தூரில் நல்லா செய்றாங்க, படம் அனுப்புங்க என்று மெயில் முகவரியை வாயால் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது டாட் காம் என்று சொல்லிவிட்டார். பாய் சொன்னபடியேதான் நடந்திருக்கிறது. சென்றாயனின் மனைவி மாதம்மா பத்தாவது படித்தவர். போனில் மெயில் திறக்கக் கற்றுக்கொண்டு, படம் எடுத்து, மூன்று மாதத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறார். பதில் இல்லை. நம்மளை எடுத்துக்க மாட்டாங்க போல என்று முடிவு செய்து, எங்கோ விற்ற, அளவு பார்க்காத ஒரு செயற்கைக் காலை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அது உரசிப் புண்ணாகி, புண் சீழ் வைத்து, அதன் பிறகுதான் கேட்டுவிட்டாவது போவோம் என்று நேரில் வந்திருக்கிறார்கள்.

நான் பாயிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பேச்சை மாற்றியது உட்பட. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தொப்பூர்க்காரங்ககிட்ட யாரு சொல்றது? நீங்களா, நானா?"

"நானே சொல்றேங்க."

"சரி. நானும் கூட வர்றேன்."

கடையை அப்படியே விட்டுவிட்டுக் கடத்தூர் பஸ் ஏறினோம்.

மையத்தில் மாதம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சென்றாயன், கட்டுப் போட்ட காலை நீட்டியபடி. நான் அவர்கள் முன்னால் நின்று, தப்பு யாருடையது என்று சொன்னேன். மாதம்மா தன் போனை என்னிடம் நீட்டினார்.

"பாருங்க. மூணுலயும் வணக்கம் போட்டுத்தான் எழுதியிருக்கேன். என்ன தப்பா எழுதிப்புட்டமோன்னு தெனமும் எடுத்து எடுத்துப் படிச்சேனுங்க."

"நீங்க ஒரு தப்பும் எழுதலீங்க" என்றேன்.

ஹேமலதா என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "அந்தப் பேரு மேல ஆசப்பட்டது நான்தானுங்க பாய்" என்றார்.

"ஆசப்படறது உங்க உரிமைம்மா. வேண்டாம்னு எடுத்துச் சொல்றது எங்க வேல" என்றார் பாய், மிகவும் தணிந்த குரலில். பிறகு சென்றாயனிடம் திரும்பி, "தம்பி, இன்னிக்கி டாக்டரு என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

ஹேமலதா அவர்களைக் காட்டியிருந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது நல்ல சேதி அல்ல. புண் ஆழமாக இருந்தது. ஆறாவிட்டால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும். முழங்கால் இருக்கிறவருக்குச் செயற்கைக் காலில் நடப்பதும், அது போனவர் நடப்பதும் ஒன்றல்ல என்று ஹேமலதா எனக்குத் தனியாக விளக்கினார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. பாய் வண்டி பேசி அவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணு மெயிலு அங்க போயிருக்குன்னா, அது மூணோட நின்னிருக்குமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை புதுச்சேரிக் குழுவின் செயலாளரைப் பிடித்தேன். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அவர்களுடைய மெயில் பெட்டி எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட காலின் படங்களைப் பார்த்து, யாரோ மோசடிக்காரர்கள் பணம் கேட்கிறார்கள் என்று நினைத்துத் படிக்காமலே ஒதுக்கியிருக்கிறார்.

"நான் வாத்தியாரா இருந்தவ. படிக்காமலே ஒதுக்கிட்டேனே" என்றார். அன்று மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் தேடி எடுத்து எங்களுக்கு அனுப்பினார். சென்றாயனுடையதைத் தவிர இன்னும் பதினான்கு பேருடையது இருந்தது.

பதினான்கு பேரில் போன் எண் போட்டிருந்தவர்களிடம் நானும் ஹேமலதாவும் பேசினோம். போன் எண் போடாதவர்களுக்கு எழுதினோம். சிலர் வேறு இடத்தில் கால் வாங்கிவிட்டிருந்தார்கள். சிலர் கோபப்பட்டார்கள், கேட்டுக்கொண்டோம். ஒன்பது பேர் வருகிறோம் என்றார்கள். ஓசூர்ப் பக்கத்திலிருந்து எழுதிய ஒரு பெரியவரின் மகன், "அப்பா போயி ரெண்டு மாசமாச்சுங்க. கடசி வரைக்கும் கடத்தூர்ல இருந்து பதிலு வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார். அவர் திட்டவில்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் அடுத்த எண்ணை என்னால் அழுத்த முடியவில்லை. ஹேமலதா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பெயரை மாற்றிவிடலாம், பலகையை அழித்து எழுதலாம் என்று ஹேமலதாவும் தயாராகிவிட்டார். புதுப் பெயருக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது புதுச்சேரியிலிருந்து அந்த ஆசிரியை கூப்பிட்டார்.

"எங்க குழுவுல பேசினோம்மா. அந்தப் பேர நீங்களே வச்சுக்குங்க. எங்களுக்கு எதுவும் வேணாம். எங்க ஆளுங்களுக்கு மட்டும் ஒரு வருஷம் எங்க புது வெப்சைட்டுக்கு வழிகாட்டற மாதிரி ஒரு வரி போட்டு வையுங்க. அவங்க நடக்கறவங்க, கொஞ்சம் சுத்தி வந்தாலும் பரவாயில்ல."

என் வாழ்க்கையில் யாரும் கேட்காமலே இப்படி ஒரு பெயரைத் தூக்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நேரில் பார்க்காத அந்த அம்மாவை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பெயரைக் கைமாற்றுவது ஒரே நாளில் நடக்காது. முதலில் பழைய சொந்தக்காரர் தன் பக்கத்தில் பூட்டைத் திறக்க வேண்டும். அவர் பதிவு செய்த நிறுவனத்திடமிருந்து ஒரு ரகசியக் குறியீடு வாங்கித் தர வேண்டும். அதை நாம் நம் பக்கம் போட்டால், சம்மதமா என்று அவருக்கு மெயில் போகும். அவர் சரி என்ற பிறகும் சில நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் நான் போனில் இருந்தேன், ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். குறியீட்டில் ஓர் எழுத்து ஓவா, பூஜ்யமா என்பதிலேயே ஒரு காலைப்பொழுது போயிற்று. கடைசியில் பெயர் ஹேமலதாவின் சொந்த மெயிலில், சொந்த எண்ணில் வந்து உட்கார்ந்தது. டாட் இன்னையும் விடவில்லை. எது எழுதினாலும் ஒரே பெட்டிக்கு வரும்படி செய்தேன். பிறகு டீக்கடை மாஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் ‘புது’வில் நாங்கள் போட்டிருந்த எழுத்தை விட்டுவிட்டு வேறு எழுத்துப் போட்டு எழுதி அனுப்பினார். அந்த எழுத்துக் கூட்டலிலும் இரண்டு பெயர் வாங்கிச் சேர்த்தோம்.

சென்றாயனின் புண் பதினோராவது நாள் ஆறும் பக்கம் திரும்பியது. சின்னதாக ஓர் அறுவை செய்தார்கள். முழங்கால் தப்பியது. புண் முழுதாக ஆறி, வீக்கம் வடிந்து, அளவெடுத்து, கால் மாட்ட இன்னும் நான்கு மாதம் ஆயிற்று. மாட்டிய அன்று பாயும் நானும் போயிருந்தோம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவர் நாலடி நடந்தார், நின்றார், வியர்த்தார், மறுபடி நடந்தார். மாதம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையையும் அந்தக் காலையுமே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி முடியும் இடத்தில் பாய் கை நீட்டினார். சென்றாயன் கையைப் பிடிக்காமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தானாகவே திரும்பினார்.

அன்றைக்குத்தான் ஹேமலதா மாதம்மாவிடம் கேட்டார். "பதிலே வராம மூணு தடவ எழுதுனவங்க நீங்க. இங்க வர்ற மெயிலுக்கெல்லாம் நீங்க பதிலு போடறீங்களா? வூட்டுல இருந்தே போடலாம். சம்பளம் தர்றேன்."

மாதம்மா கணவரைப் பார்த்தார். பிறகு, "இங்கிலீஷு அவ்வளவா வராதுங்க" என்றார்.

"தமிழ்லயே போடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

பாய் என்னை அந்த விஷயத்துக்காக ஒருநாளும் குத்திக் காட்டவில்லை. அடுத்த வாரமே புதிதாக வந்த ஒரு பல் மருத்துவரை என்னிடமே அனுப்பி, "கௌசல்யாம்மாவக் கேளுங்க, அவங்க சொல்ற பேருதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பதை அவரிடம் சொன்னதே இல்லை. அவர் இப்போது காலையில் மட்டும் கடைக்கு வந்து பேப்பர் படித்துவிட்டுப் போகிறார். நசீமா, இதை அவருக்குப் படித்துக் காட்டு.

நான் ஓய்வு பெற்ற கடைசி நாளில் என் கையால் பதிவான பெயர்களையெல்லாம் திறந்து, மெயில்கள் சரியாகப் போகின்றனவா என்று ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தேன். புதுநடைக்கு டாட் காம் போட்டு, வெறுமனே ‘வணக்கம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பெயர்கூடப் போடவில்லை. நான்கு நிமிடத்தில் பதில் வந்தது.

"வணக்கமுங்க. நீங்க எழுதுனது கெடச்சுதுங்க. யாருக்குக் கால் வேணும்னு சொல்லுங்க. பயப்படாதீங்க, நாங்க இருக்கோம். மாதம்மா, புதுநடை."